பழைய ரயில் மாடல் டீசல் எஞ்சின் ஓடலையா? மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி இத படிங்க

போன மாசம் எங்க தெரு தம்பி ஒருத்தன் அல்லிக்குளம் மூர் மார்க்கெட்ல லிமா கம்பெனியோட ஒரு பழைய டீசல் எஞ்சின் மாடல வாங்கிக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வந்துட்டான். நம்ம வீடு கொருக்குப்பேட்டைல, ராத்திரி பூரா கூட்ஸ் வண்டி சத்தம் கேக்கற தூரம், அதனால இந்த ஏரியால ரயில் மாடல்னா பசங்க எங்கிட்டதான் வருவாங்க. "ணா, ஒரு ஜாண் ஓடுது நின்னுடுது, விரலால தள்ளினா மறுபடி கொஞ்சம் ஓடுது, மோட்டார் போச்சுணா, புதுசு ஒண்ணு போட்டுக் குடுணா"ன்னான். நான் மோட்டாருக்கு நேரா ரெண்டு வயர் வெச்சு கரண்ட் குடுத்துக் காமிச்சேன், சும்மா சீறிக்கிட்டு சுத்துச்சு. மோட்டார் நல்லாதான் இருந்துச்சு. தண்டவாளத்துல இருந்து அது வரைக்கும் கரண்ட் போய் சேரலை, அவ்வளவுதான். அன்னிக்கு அவனுக்கு சொன்னதையே இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா புதுசா வர்ற எல்லாருமே முதல்ல மோட்டார் மேலதான் பழி போடறாங்க.

இப்படி பழைய எஞ்சின்ல மோட்டார மாத்தறதுக்கு ரீபவர்னு பேரு, உடம்ப வெச்சுக்கிட்டு உசுர மாத்தறது. நிஜ ரயில்வேலயே இது புதுசு கிடையாது. நம்ம ஊர் பழைய டபிள்யூடிஎம்-2 எஞ்சின்கள் 2600 குதிரைத்திறன், 1962ல அமெரிக்காவுல ஆல்கோ கம்பெனில இருந்து வந்து அப்புறம் 1964ல இருந்து வாரணாசில செஞ்சது, அதுல நிறைய பாட்டியாலா ஒர்க்ஷாப்புக்குப் போய் பிரிச்சு மேஞ்சு 3100 குதிரைத்திறனா திரும்பி வந்துச்சு. அதுக்கும் மேல, 2019ல வாரணாசில ரெண்டு பழைய டபிள்யூடிஜி-3ஏ டீசல் எஞ்சின எடுத்து ஒரே 10,000 குதிரைத்திறன் கரண்ட் எஞ்சினா மாத்தி கொடியசைச்சு விட்டாங்க. எங்கப்பா தண்டையார்பேட்டை டீசல் ஷெட்ல ஃபிட்டரா இருந்தவர், அவர் அடிக்கடி சொல்றது, வண்டி நின்னா எடுத்த எடுப்புல ஸ்பேனர தூக்காத, முதல்ல எது செத்துருக்குன்னு பாருன்னு. கைல அடங்கற மாடலுக்கும் அதே வேலைதான்.

அளவு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். நான் பேசறது எச்ஓ ஸ்கேல், அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மிமீ. இது வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜ் கணக்கு. நம்ம பிராட் கேஜ் 1676 மிமீ, அத 87ஆல வகுத்தா 19 மிமீக்கு மேல வரணும், அதனால நம்ம ஊர் எஞ்சின எச்ஓ தண்டவாளத்துல வெச்சா முன்னாடி இருந்து பாக்கறப்ப கால ஒடுக்கி நிக்கற மாதிரிதான் தெரியும். இங்க பெரும்பாலானவங்க இத ஏத்துக்கிட்டுதான் பண்றோம், நானும் அப்படித்தான், ஏன்னா தண்டவாளம், சக்கரம், மோட்டார் எல்லாமே 16.5க்குதான் ஈஸியா கெடைக்குது.

அடுத்து உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம். நிஜ டீசல் எஞ்சின்ல பெரிய ஆல்கோ இஞ்சின் நேரா சக்கரத்த சுத்தாது, அது ஜெனரேட்டர சுத்தும், அந்த கரண்ட் கீழ ஆறு அச்சுலயும் இருக்கிற ஆறு மோட்டாருக்குப் போகும். மாடல்ல கத தலைகீழ். நடுவுல ஒரே ஒரு மோட்டார், ரெண்டு பக்கமும் தண்டு நீட்டிக்கிட்டு, அந்த தண்டு ரெண்டு போகிக்கும் போய் வார்ம் கியர், அதாவது ஸ்க்ரூ மாதிரி மரை வெச்ச கியர், வழியா சக்கரத்த சுத்தும். (போகின்னா இங்க பயணிகள் பெட்டி இல்ல, எஞ்சினுக்கு அடில சக்கரம் மாட்டின சட்டம்.) நல்ல மாடல்ல மோட்டார் தண்டுல ரெண்டு பக்கமும் பித்தள ஃப்ளைவீல், அதாவது கனமான வட்டு, இருக்கும், நடுவுல கரண்ட் ஒரு நொடி விட்டுப் போனாலும் அது சுத்தற வேகத்துல வண்டி தாண்டிடும்.

பழசுல உங்க கைக்கு வர்றது பெரும்பாலும் ரெண்டு ரகம். ஒண்ணு அமெரிக்க ஏதர்ன், நீல டப்பால வரும், சொந்தக்காரங்க யாராவது அமெரிக்கால இருந்து கொண்டாந்ததா இருக்கும், என் முதல் எஞ்சின் எங்க மாமா கொண்டாந்தது அதுதான். நடுவுல மோட்டார், எட்டு சக்கரமோ பன்னெண்டு சக்கரமோ எல்லாமே இழுக்கும், எல்லாமே கரண்ட் எடுக்கும், ரொம்ப கெட்டியான சாமான். இன்னொண்ணு இத்தாலி லிமா. இதுல ஆப்பம் மாதிரி தட்டையா ஒரு மோட்டார் ஒரே ஒரு போகிக்குள்ளயே உக்காந்திருக்கும், அந்தப் போகி மட்டும்தான் இழுக்கும், இழுக்கற சக்கரத்துல ரப்பர் வளையம் வேற போட்டிருப்பாங்க. ரப்பர்ல கரண்ட் போகாது. ஆக மொத்தம் ரெண்டு மூணு சக்கரத்த நம்பித்தான் வண்டி ஓடணும். தம்பி எஞ்சின் நின்னு நின்னு போனதுக்கு காரணம் இதுதான், மேல தூசி வேற.

அதனால வேலைய தண்டவாளத்துல இருந்து மேல ஏறி வர்ற மாதிரி பண்ணுங்க. முதல்ல சக்கரம். பழைய ஏதர்ன்ல சக்கரம் இரும்புத் தூள அழுத்திச் செஞ்சது, மேல்பரப்பு சொரசொரன்னு இருக்கும், அழுக்கு அப்படியே ஒட்டிக்கும், அதுவும் நம்ம பக்கம் கடல் காத்துல இரும்பு வேற. மெடிக்கல் ஷாப்ல கெடைக்கிற ஐசோப்ரோபைல் ஆல்கஹால துணில நனச்சு தண்டவாளத்து மேல போட்டு, ஒரு போகி துணி மேலயும் ஒரு போகி வெறும் தண்டவாளத்துலயும் இருக்கிற மாதிரி பிடிச்சு ஓட்டுங்க, வர்ற கருப்ப பாத்து அசந்துடுவீங்க. முடிஞ்சா அந்தச் சக்கரத்தையே கழட்டிட்டு நிக்கல் சில்வர் சக்கரம் போடறது நல்லது, மோட்டார் மாத்தறத விட இது பல வண்டிக்கு பெரிய வித்தியாசம் குடுக்கும். லிமாவுக்கு கரண்ட் எடுக்காத சக்கரத்துக்கெல்லாம் மெல்லிசு பாஸ்பர் பிரான்ஸ் (ஸ்பிரிங் மாதிரி வளையற வெண்கலம்) பட்டைய வெட்டி, சக்கரத்தோட உள் பக்கம் லேசா ஒரசற மாதிரி ஒட்டி, வயர் இழுத்து விடணும். லேசான்னா லேசாதான், அழுத்தி வெச்சா அதுவே பிரேக் ஆயிடும். தம்பி எஞ்சினுக்கு நாலு சக்கரத்துக்கு பட்டை போட்டோம், அதுக்கே நிக்காம சுத்தி வந்துச்சு.

அப்புறம் கியர். இருபது முப்பது வருஷம் டப்பால கெடந்த எஞ்சின்ல கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிப் போயிருக்கும், மோட்டார் பாவம் அத இழுத்தே சூடாகும். போகிய முழுசா பிரிச்சு, எல்லா கியரையும் ஆல்கஹால்ல பழைய டூத் பிரஷ் போட்டு கழுவி, காஞ்சதும் பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கற கிரீஸ் ஒரு பொட்டு வெச்சா போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிரிக்கறப்ப ஒவ்வொரு அச்சுலயும் இருக்கிற பிளாஸ்டிக் கியர வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க, மயிரிழை மாதிரி வெடிப்பு இருக்கும். வண்டி ஒரு சுத்துக்கு ஒரு தடவ டொக் டொக்னு துள்ளினா அதுதான். லைஃப் லைக் கம்பெனியோட புரோட்டோ 2000 எஞ்சின்கள்ல இது ரொம்ப பிரபலமான வியாதி, அதுக்கு ஏதர்னோட மாத்து கியரே சரியா உக்காரும். வெடிச்ச கியர ஒட்ட முயற்சி பண்ணாதீங்க, நிக்காது.

இவ்வளவும் பண்ணி இன்னமும் மக்கர் பண்ணினாதான் மோட்டார். அதுலயும் உடனே மாத்த வேணாம், கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கா, கம்யூடேட்டர்ல (பிரஷ் ஒரசற செம்பு உருளை) இருக்கிற மூணோ அஞ்சோ பட்டைக்கு நடுவுல கரி அடைச்சிருக்கான்னு பாத்து பல் குச்சியால சுத்தம் பண்ணுங்க. ஒரு எச்சரிக்கை, பழைய மோட்டார்ல அல்னிகோ காந்தம் இருக்கும், ஆர்மேச்சர (நடுவுல சுத்தற கம்பிச் சுருள்) வெளிய உருவினா அந்தக் காந்தம் பலம் இழந்துடும், அதனால காரணமில்லாம முழுசா பிரிக்காதீங்க. காந்தம் ஏற்கனவே வீக்காயிருந்தா மோட்டார் நெறைய கரண்ட் குடிக்கும், சூடாகும், ஆனா இழுக்காது.

இத அளந்து பாக்க ஒரு மல்டிமீட்டர் போதும். மீட்டர 10 ஆம்பியர் ஓட்டைல மாட்டி பவர் லைனோட வரிசைல சேத்து, 12 வோல்ட்ல வண்டிய தண்டவாளத்துல வெச்சு கையால பிடிச்சு நிறுத்துங்க, ரெண்டு நொடிக்கு மேல வேணாம். இதுல ரெண்டு விஷயம் பாக்கணும். மீட்டர் என்ன காட்டுது, சக்கரம் வழுக்குதா இல்ல மோட்டாரே நின்னுடுதா. சக்கரம் வழுக்கணும். மோட்டார் நின்னுச்சுன்னா ஒண்ணு வண்டி கனம் அதிகமா இருக்கு, இல்லாட்டி மோட்டார் சக்தி கம்மி, மேட்டுல பத்து பெட்டி இழுக்கறப்ப ஒருநாள் எரியும், எனக்கு எரிஞ்சிருக்கு, அந்த வார்னிஷ் வாசனை ஒரு வாரம் ரூம விட்டுப் போகலை. பழைய திறந்த மோட்டார் இந்த சோதனைல 1 ஆம்பியர தாண்டிடும். நல்ல நவீன கேன் மோட்டார், அதாவது டப்பாக்குள்ள மூடின மாதிரி வர்றது, சாதாரணமா ஓடறப்ப 0.3க்குள்ளயே முடிச்சுக்கும். மாத்தியே ஆகணும்னு முடிவு பண்ண வைக்கிற நம்பர் அந்த சோதனைல மீட்டர் காட்டறதுதான்.

சரி, எந்த மோட்டார்? இங்கதான் நிறைய பேர் கடைல கைக்கு வந்தத வாங்கிட்டு வந்து வண்டி ராக்கெட் மாதிரி பறக்குதுன்னு வருத்தப்படறாங்க. ஒரு சின்ன கணக்கு போடுவோம். டபிள்யூடிஎம்-2 சக்கரம் 1092 மிமீ விட்டம், 87ஆல வகுத்தா 12.5 மிமீ, ஒரு சுத்துக்கு சுமார் 39 மிமீ நகரும். நிஜத்துல மணிக்கு 100 கிமீன்னா நொடிக்கு 27.8 மீட்டர், மாடல்ல நொடிக்கு 32 செமீ. அப்போ சக்கரம் நொடிக்கு எட்டு சுத்து, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 490. உங்க கியர் 14க்கு 1ன்னு வெச்சுக்குங்க, மோட்டார் 6,800 சுத்து சுத்தினா போதும். அந்த எஞ்சினோட உச்ச வேகமே 120தான், அதுக்கு 8,200. இப்போ 12 வோல்ட்ல 15,000 சுத்து சுத்தற ஒரு பொம்மை கார் மோட்டார அதுல போட்டா என்ன ஆகும், ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856ல விட்ட முதல் ரயில் பாதைல புல்லட் ரயில் விட்ட கதைதான். உங்க கியர் விகிதம் தெரியலையா, மோட்டார் தண்ட கையால சுத்தி, சக்கரம் ஒரு முழு சுத்து சுத்த எத்தன சுத்து ஆகுதுன்னு எண்ணுங்க. சக்கரத்துல ஒரு பொட்டு பெயிண்ட் வெச்சா எண்ண ஈஸி.

லிமாவுக்கு உலகம் பூரா பண்ற வழி ஒண்ணு உண்டு, பழைய சிடி பிளேயர்ல தட்ட சுத்தற மோட்டார். வட்டமா தட்டையா இருக்கறதால அந்த ஆப்ப மோட்டார் இருந்த குழிலயே உக்காந்துக்கும், மெதுவா ஓட்டறதுக்கு அருமை, கரண்ட்டும் கொஞ்சமா எடுக்கும். பர்மா பஜார், ரிச்சி ஸ்ட்ரீட்ல செத்த சிடி பிளேயர கொஞ்ச துட்டுக்கே குடுத்துடுவாங்க. ஆனா பின்னாடி ரெண்டே ரெண்டு முனை இருக்கிற மோட்டாரா பாத்து எடுங்க. கம்ப்யூட்டர் சிடி டிரைவ்ல ரிப்பன் கேபிளோட வர்றது பிரஷ் இல்லாத மோட்டார், நம்ம வண்டில நேரா வேலை செய்யாது. இன்னொண்ணு, இந்த மோட்டார் எல்லாம் 6 வோல்ட் ரகம், 12ல முழுசா திருகி விட்டா ரொம்ப நேரம் தாங்காது, அதனால வரிசைல ஒரு ரெசிஸ்டர் போடறதோ கன்ட்ரோலர பாதிக்கு மேல திருப்பாம இருக்கறதோ நல்லது.

மாட்டறதுதான் நெஜமான கைவேலை. புது மோட்டாரோட தண்டும் போகிக்குப் போற தண்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், அரை மிமீ ஏறி இறங்கினாலும் கரகரன்னு சத்தம் வரும். மோட்டார ஸ்க்ரூ போட்டு இறுக்கறத விட சிலிகான் சீலன்ட் ரெண்டு பொட்டு வெச்சு உக்கார வெச்சு, அது காயறதுக்குள்ள கம்மியான வோல்ட்ல ஓட்டி, சத்தம் எந்த இடத்துல கொறையுதோ அங்கயே விட்டுட்டு ஒரு ராத்திரி தொடாம இருங்க. சிலிகான் அதிர்வையும் குடிச்சுக்கும். தண்டு சைஸ் ஒத்து வரலைன்னா சிலிகான் ட்யூப் துண்டு போட்டு இணைக்கலாம். வார்ம் கியருக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு தெரியலைன்னா, பஸ் டிக்கெட் காகிதம் ஒரு துண்டு நடுவுல வெச்சு அழுத்தி பிடிச்சு மோட்டார நிலைநிறுத்திட்டு, அப்புறம் காகிதத்த உருவிடுங்க. ஃப்ளைவீல் இல்லாத வண்டிக்கு பித்தள துண்டு ஒண்ண வாங்கி வியாசர்பாடி பக்கம் ஒரு லேத் பட்டறைல குடுத்தேன். அந்த அண்ணன் லாரி பார்ட் கடையற மெஷின்லயே 15 மிமீ வட்டத்த துளி ஆட்டமில்லாம கடைஞ்சு குடுத்தாரு, நடுவுல ஓட்டை சரியா மையத்துல இருந்துச்சு. ஃப்ளைவீலுக்கு உசுரே அந்த மையம்தான்.

ஏதர்ன்ல ஒண்ணு கவனிங்க. அதுல ஒரு பக்க தண்டவாளத்து கரண்ட் இரும்பு சட்டம் வழியாவே மோட்டாரோட அடி கிளிப்புக்கு வரும், இன்னொரு பக்கம் மேல ஒரு தகடு வழியா வரும். புது மோட்டார் போடறப்ப சட்டத்துக்கும் மோட்டாருக்கும் நடுவுல டேப் ஒட்டி பிரிச்சுட்டு, ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி வயர் போட்டுடுங்க. நாளைக்கு டிசிசி டிகோடர் (தண்டவாளத்துல வர்ற டிஜிட்டல் சிக்னல படிச்சு வண்டிய தனியா ஓட்டற குட்டி சர்க்யூட்) போடணும்னு ஆசைப்பட்டா இந்தப் பிரிப்பு இல்லாம போட்ட நிமிஷமே டிகோடர் போயிடும். வலது பக்க தண்டவாளம் பாசிட்டிவா இருந்தா வண்டி முன்னாடி போகணும்ங்கறதுதான் பொது விதி, பின்னாடி போனா மோட்டார் வயர மாத்தி வைங்க.

எடை பத்தி ஒரு வார்த்தை. வண்டி இழுக்கலைன்னா உடனே கனம் ஏத்துவாங்க. காசிமேட்டுல வலைக்கு கட்டற ஈயக்குண்டு இதுக்கு ரொம்ப வசதி, தட்டி எந்த மூலைலயும் திணிக்கலாம். ஆனா அந்த கைல பிடிச்சு நிறுத்தற சோதனைய மறுபடி பண்ணுங்க, சக்கரம் வழுக்கற வரைக்கும்தான் ஏத்தலாம். ஈயத்த தொட்டா கைய சோப்பு போட்டு கழுவணும், அரம் போட்டு ராவக் கூடாது, வீட்ல சின்ன குழந்தைங்க இருந்தா ரொம்ப ஜாக்கிரதை.

வண்டி மெதுவா, ஊர்ந்து, நிக்காம ஒரு மணி நேரம் ஓடுச்சா? இப்போ டீடெயிலிங் பக்கம் வாங்க. இத முன்னாடியே பண்ணிட்டா பிரிக்கறப்ப எல்லா கம்பியும் ஒடியும்.

முதல் வேலை போட்டோ. எந்த எஞ்சின பண்ணப் போறீங்களோ அந்த ஒரு எஞ்சினோட போட்டோ, பொதுவா அந்த ரகம்னு இல்ல. டபிள்யூடிஎம்-2லயே பெரிய முன்கண்ணாடி வெச்ச ஜம்போ ஒரு தினுசு, சாதா ஒரு தினுசு. பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் நடைமேம்பாலத்துல நின்னா எஞ்சினோட கூரை நல்லா தெரியும், மாடல் பண்றவங்களுக்கு கூரைதான் முக்கியம், ஏன்னா மேசை மேல வெச்சதும் நம்ம கண்ணுக்கு முதல்ல தெரியறது அதுதான். தண்டவாளத்துல மட்டும் எறங்காதீங்க, சட்டப்படியும் தப்பு, உசுருக்கும் ஆபத்து.

பொம்மைய மாடலா மாத்தறதுல முதல் இடம் கைப்பிடி கம்பிக்கு. அச்சுல வந்த பிளாஸ்டிக் கம்பி 1 மிமீ கனம் இருக்கும், அத 87ஆல பெருக்கினா நிஜத்துல 87 மிமீ, எந்த டிரைவர் கைக்கும் அடங்காது. நிஜ கம்பி சுமார் 35 மிமீன்னு வெச்சா நமக்கு வேண்டியது 0.4 மிமீ பித்தள கம்பி. சவுகார்பேட்டைல தங்கவேலை சாமான் விக்கிற கடைங்கள்ல கம்பி, குட்டி அரம், கைல உருட்டி ஓட்டை போடற டிரில் எல்லாமே ஒரே தெருவுல முடிஞ்சுடும், பொற்கொல்லர் வேலையும் நம்ம வேலையும் அண்ணன் தம்பிதான். பழைய பிளாஸ்டிக் கம்பிய பிளேடால சீவிட்டு, 0.4ல ஓட்டை போட்டு, கம்பிய வளைச்சு சொருகி உள் பக்கம் ஒரு சொட்டு ஃபெவிக்விக். ரெண்டு நாள் பொறுமையா இத மட்டும் பண்ணினாலே வண்டி ஆளே மாறிடும்.

லைட்டுக்கு பழைய பல்ப கழட்டிடுங்க, அது சூட்டுல பாடிய உருக்கும். மஞ்ச கலந்த வெள்ளை எல்ஈடி, கூட 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 12 வோல்ட்ல ஒம்பது மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். சாதா டிசில ஓட்டறீங்கன்னா இதுல ஒரு வசதி, எல்ஈடி ஒரு பக்கம் மட்டும்தான் கரண்ட் விடும், அதனால வண்டி போற பக்கம் மட்டும் தானா எரியும்.

அழுக்கு பூசறதுல நம்ம வடசென்னைய அடிச்சுக்க ஆள் கெடையாது. எண்ணூர் பக்கம் நிலக்கரி வேகன் இழுத்துட்டு வந்த வண்டிய பாருங்க, பாடி மேல கருந்தூசி, போகி மேல பிரேக் கட்டை தேஞ்ச பழுப்பு, ஆல்கோ புகைபோக்கிய சுத்தி கூரைல நல்ல கருப்பு, உப்புக் காத்து பட்டு ஓரங்கள்ல துரு. இந்த நாலுக்கும் நாலு கலர். சாக் பேஸ்டல் குச்சிய பிளேடால சுரண்டி பொடியாக்கி மெல்லிசு பிரஷ்ல மேல இருந்து கீழ தடவுங்க, மழைத்தண்ணி வழிஞ்ச திசை அதுதான். முடிச்சதும் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு, அதுல பாதி பொடி மறஞ்சு போயிடும், அதனால கொஞ்சம் தூக்கலாவே போடுங்க. கருப்புக்கு சுத்த கருப்பு எடுக்காம அடர் பழுப்பும் சாம்பலும் கலந்தா சின்ன அளவுல நிஜமா தெரியும்.

கடைசி வேலை நம்பரும் ஷெட் பேரும். வீட்டு பிரிண்டர்ல வெள்ளை மை கெடையாது, புதுசா பண்றவங்க எல்லாரும் முட்டிக்கற எடம் இது. வெள்ளை டெக்கால் காகிதம் (தண்ணில நனச்சு ஒட்டற ஸ்டிக்கர்) வாங்கி, வண்டியோட மெரூன் கலரையே பின்னணியா பிரிண்ட் பண்ணி எழுத்த மட்டும் வெறுமனே விட்டுட்டா, காகிதத்தோட வெள்ளையே எழுத்தா நிக்கும். மெரூன் ஒத்துப் போக நாலஞ்சு தடவ பிரிண்ட் எடுத்து பக்கத்துல வெச்சுப் பாக்கணும், பகல் வெளிச்சத்துல. தம்பி லிமா அந்தக் கட்டத்துலதான் என் மேசை மேல நிக்குது, மூணாவது ஷீட் கொஞ்சம் செவப்பா வந்துடுச்சு, கேபின் ஓரத்துல தண்டையார்பேட்டைன்னு போடணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான், எங்கப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு எழுத்து எந்த உசரத்துல வரணும்னு ஸ்கேல் வெச்சு பாத்துக்கிட்டு இருக்காரு.